ஜூன் 18, வாட்டர்லூ: மழைதான் தோற்கடித்ததா? நினைவுநாள் தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

வடகாற்று:
ஜூன் பிறந்தால் போதும், இன்றைய பெல்ஜியத்தில் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் பற்றி ஒரே வரியைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள்: "இரவு பெய்த மழை நெப்போலியனைக் கவிழ்த்தது." 1815 ஜூன் 17 பிற்பகலில் பிடித்த இடிமழை இரவு முழுக்க விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் எதிரணிக்குத் துணைவந்த பிரஷ்யப் (ஜெர்மானிய) படையும் அதே சேற்றில்தானே நடந்து வந்தது?

பேச வசதியாகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கூட்டணிப் படைத் தளபதி வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர், 156 பீரங்கிகள். நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர், ஏறத்தாழ 250 பீரங்கிகள். இருட்டுவதற்குள் களம் சேர்ந்த பிரஷ்யர்கள் சுமார் 50,000. பிரஷ்யர்களைத் துரத்தித் தளபதி குரூஷியோடு கிழக்கே போன 33,000 பிரெஞ்சு வீரர்கள் கடைசிவரை இந்தக் களத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு முன்பே விடிந்துவிடும் ஜூன் மாதத்தில் முற்பகல் 11.30 வரை சண்டை தொடங்காதது ஏன்? என் கேள்வி இதுதான்.

நினைவுநாள் பற்றிய இழை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூன் 14 அன்று அவேன் ஊரிலிருந்து நெப்போலியன் தன் படைக்கு விடுத்த அறிக்கை, அன்று தன் பழைய வெற்றிகளான மாரெங்கோவுக்கும் (1800) ஃபிரீட்லாந்துக்கும் (1807) ஆண்டு நிறைவு என்று நினைவூட்டித்தான் தொடங்குகிறது. நான்கு நாளில் அவருடைய எதிரிகளுக்கு ஒரு நினைவுநாள் பிறந்தது.

பழைய_வரைபடம்:
தாமதத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது எல்லோரும் சொல்லும் சேறு. பீரங்கித் தளபதி ட்ருவோ தரை சற்றுக் காயட்டும் என்று யோசனை சொன்னார். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் சுடப்பட்டவற்றில் பெரும்பகுதி வெடிக்காத இரும்பு உருண்டைகள்தான். தரையில் ஒருமுறை பட்டு, தாழ்வாக எகிறி, மறுபடி பட்டு எகிறி, வரிசையை ஊடுருவிப் போகும்போதுதான் அவை அதிகம் கொல்லும். குளத்தில் ஓட்டாஞ்சல்லி எறிந்தால் தத்தித் தத்திப் போவதைப் போல. தரை கெட்டியாக இருந்தால்தான் அந்தத் தத்தல் நடக்கும், நனைந்த உழவு நிலத்தில் முதல் அடியிலேயே உருண்டை புதைந்துவிடும். ஹோவிட்சர் என்ற குட்டைப் பீரங்கி வீசும் வெடிகுண்டும் சேற்றுக்குள் போய் வெடித்தால் சில்லுகளை மண் விழுங்கிவிடும்.

இரண்டாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. காலையில் பிரெஞ்சுப் படை முழுதாக வந்து சேர்ந்திருக்கவே இல்லை. தளபதி ரெய்லின் இரண்டாம் கோர் (பெரும்படைப் பிரிவு) இரவை ஜெனாப் பக்கம் கழித்தது. நெப்போலியனின் தேர்ந்த காவல்படையும் பின்னால்தான் கிடந்தது. எல்லோரும் ஒரே கல்பாவிய சாலையில், பீரங்கி வண்டிகளோடு வர வேண்டும். ஒன்பது மணிக்குத் தரை சிமெண்ட் போல இருந்திருந்தாலும் முழுப்படையோடு தாக்கியிருக்க முடியாது.

ஒரு மணிவாக்கில் சுமார் 80 பீரங்கிகள் ஒன்றாக முழங்கியபோதும் பலன் குறைந்ததற்கு இன்னொரு காரணம், வெலிங்டன் பெரும்பாலான காலாட்படையை மேட்டின் மறுசரிவில் நிறுத்தியிருந்தது. பிரெஞ்சு கன்னர்கள் (பீரங்கியாளர்கள்) கண்டது மேட்டு விளிம்பை மட்டுமே.

போய்ப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 226 படிகள் கொண்ட சிங்க மேடு என்ற நினைவுக் குன்று 1826-ல் முடிந்தது. வெலிங்டன் பக்கம் போரிட்ட நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் காயம்பட்ட இடத்தில் எழுப்பியது. அதற்கான மண்ணை வெலிங்டன் படை நின்ற மேட்டிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். எனவே இன்று மேட்டின் உச்சியில் நின்று "இவ்வளவு சின்ன ஏற்றமா?" என்று வியப்பது தவறான முடிவில் கொண்டுவிடும். லா ஹே சான்ட் பண்ணையை ஒட்டி இருந்த செங்குத்தான ஏற்றம் இப்போது பெரும்பாலும் இல்லை.

தோட்டாப்பை:
மழை துப்பாக்கியை என்ன செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் காலாட்படை வைத்திருந்தது 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட், அதாவது வாய்வழி நிரப்பும் நீள்துப்பாக்கி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளுக்காகச் செய்த மாதிரி. 1790-களில் புரட்சிப் போருக்குத் துப்பாக்கி போதாமல் பிரிட்டிஷ் அரசு கம்பெனியிடமிருந்தே வாங்கி, பிறகு அதையே தன் மாதிரியாக வைத்துக்கொண்டது.

நிரப்பும் முறை: காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழி. சிறிது மருந்தைப் பக்கத்துக் கிண்ணத்தில் கொட்டி மூடியைச் சாத்து. துப்பாக்கியை நிமிர்த்தி மீதி மருந்தைக் குழாய் வாயில் ஊற்று. ஈயக்குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ளு. இடிகம்பியை உருவி இடித்துக் கம்பியைத் திரும்பச் செருகு. சுத்தியலை முழுதாக இழுத்துச் சுடு. பழகியவன் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான். புகையும் பதற்றமும் சேர்ந்தால் இரண்டு.

கெடும் இடங்கள்: கிண்ணத்து மருந்து நனைந்தால் பொறி மட்டும் தெறிக்கும், வெடிக்காது. சில பத்துச் சூட்டுக்குப் பிறகு கரி படிந்து துளை அடைபடும். தீக்கல் மழுங்கும். இரைச்சலில் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றே தெரியாமல் மேலே இன்னொரு தோட்டாவை இடிப்பவர்களும் உண்டு. இடிகம்பியை உருவ மறந்து அதையும் சேர்த்துச் சுட்டுவிட்டால், அன்றைக்கு அந்தத் துப்பாக்கி வெறும் பயனெட் (முனைக்கத்தி) தடி.

செங்கோடு:
குதிரைப்படை ஏன் சதுர வியூகங்களை உடைக்கவில்லை? பிரெஞ்சுத் தளபதி நே ஏறக்குறைய 9,000 குதிரைகளை விட்டாரே. எண்ணிக்கையைப் பார்த்தால் நசுக்கியிருக்க வேண்டும்.

தோட்டாப்பை:
செங்கோடு, எண்ணிக்கை அங்கே வேலை செய்யாது. ஹுகுமோன் பண்ணைக்கும் லா ஹே சான்டுக்கும் நடுவே இருந்தது ஒரு கிலோமீட்டர் இடைவெளிதான். 9,000 குதிரைகளும் ஒரே நேரத்தில் நுழைய முடியாது.

ஒரு பட்டாலியனில் 500 பேர் என்று வையுங்கள். நான்கு பக்கம், பக்கத்துக்கு 125, நான்கு வரிசை ஆழம். முன்வரிசையில் முப்பது பேர்தான் நிற்பார்கள், அகலம் 20 மீட்டரைத் தாண்டாது. முன்னால் இருப்பவர்கள் மண்டியிட்டு, துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றிப் பயனெட்டைச் சாய்த்துப் பிடிப்பார்கள், சுட மாட்டார்கள். பின்வரிசைகள் சுடும். ஒரு குதிரையின் அகலத்துக்கு எதிரே இரண்டு ஆள் நின்றாலும், ஆழத்தோடு சேர்த்தால் எட்டுத் துப்பாக்கிகள். ஓடும் குதிரை இந்த முள்வேலிக்குள் தானாகப் பாயாது. பக்கவாட்டில் ஒதுங்கிப் போகும். நனைந்த ஏற்றத்தில், நசுங்கிய ரை தானியப் பயிரில், அன்று பல தாக்குதல்கள் நாலுகால் பாய்ச்சலாகக்கூட இல்லை.

சதுரம் உடைவது மூன்று விதத்தில். அமைத்து முடிப்பதற்குள் குதிரை வந்துவிடுவது: ஜூன் 16-ல் காத்ர் பிராவில் நடந்த மோதலில் பிரிட்டிஷ் 69-ஆம் ரெஜிமென்ட் இப்படித்தான் சிக்கித் தன் கொடியைப் பறிகொடுத்தது. குண்டடிபட்ட குதிரை வேகத்தோடு வரிசைமேல் விழுந்து வழிதிறப்பது. பீரங்கி, நெருக்கி நிற்பவர்களைச் சல்லடையாக்குவது. மூன்றாவதுதான் நெப்போலியனின் வழக்கமான முறை: குதிரையைக் காட்டிச் சதுரம் கட்ட வை, பிறகு பீரங்கியைக் கிட்டே கொண்டுவந்து சுடு. அன்று நே பல தடவை குதிரையை மட்டும் அனுப்பினார். காலாட்படையும் குதிரைப் பீரங்கியும் கூடவே போகவில்லை. என் கணிப்பில் அந்த நாளின் மிகப் பெரிய பிழை அதுதான், மழை இல்லை.

கார்த்திகை_மேகம்:
கைவிட்டுப் போன பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு நடுவில் பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் அவ்வளவு நேரம் சுற்றினார்களே. ஏன் ஆணியடிக்கவில்லை?

தோட்டாப்பை:
தலையில்லாத ஓர் இரும்பாணியைப் பற்றவைக்கும் துளையில் அடித்து மட்டமாக ஒடித்துவிட்டால், அதைத் துளையிட்டு எடுக்கும்வரை அந்தப் பீரங்கி பேசாது. ஆணியும் சுத்தியலும் எடுத்துப் போக வேண்டும், இறங்கி அடிக்க ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். அந்த ஏற்பாடு அன்று நடக்கவில்லை. துடைப்புக் கழிகளை முறித்திருந்தாலே கொஞ்ச நேரம் முடங்கியிருக்கும். கன்னர்கள் சதுரங்களுக்குள் ஓடி ஒளிந்து, குதிரைகள் சரிவில் இறங்கியதும் திரும்பி வந்து அதே பீரங்கியால் முதுகில் சுட்டார்கள்.

பழைய_வரைபடம்:
லா ஹே சான்ட் பண்ணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேஜர் பாரிங் தலைமையில் கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் (பிரிட்டிஷ் படையில் இருந்த ஜெர்மானியர்கள்) இரண்டாம் லைட் பட்டாலியன், சுமார் 400 பேர். முதல்நாள் இரவு குளிர்காயக் களஞ்சியத்தின் ஒரு கதவையே விறகாக்கிவிட்டார்கள். மறுநாள் அந்த வாசலைப் பிணங்களைக் குவித்து அடைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கையில் இருந்தது பேக்கர் ரைபிள், குழாய்க்குள் சுருள் வரி வெட்டியது. துல்லியம் அதிகம், நிரப்ப நேரமும் அதிகம். மஸ்கட்டின் பெரிய குண்டு அதற்குள் இறங்காது. பாரிங் திரும்பத் திரும்ப ஆளனுப்பிக் கேட்டும் அந்தத் தோட்டா வந்து சேரவில்லை. மாலை ஆறு, ஆறரைவாக்கில் பண்ணை விழுந்தது. உடன் வெளியேறியவர்கள் நாற்பது சொச்சம் பேர். உடனே பிரெஞ்சுப் பீரங்கிகள் கிட்டே வந்தன. அருகில் சதுரமாக நின்ற 27-ஆம் இன்னிஸ்கிலிங் ரெஜிமென்ட் பாதிக்குமேல் சாய்ந்தது. வெலிங்டனின் நடுப்பகுதி பிய்ந்துபோக மிக அருகில் வந்த வேளை அது.

அந்த வேளையில்தான் நே ஆள் கேட்டார், நெப்போலியனிடம் கொடுக்க ஆள் இல்லை. ஏன் இல்லை? வலப்பக்கம் பிளான்சனுவா கிராமத்தில் பிரெஞ்சுத் தளபதி லோபோவின் கோர், இளங்காவல்படையின் எட்டுப் பட்டாலியன்கள், மேலும் முதுகாவல்படையின் இரண்டு பட்டாலியன்கள் எல்லாம் பிரஷ்யர்களோடு கைகலந்து கிடந்தன. ஆங்கிலப் புத்தகங்கள் பிளான்சனுவாவை ஓரக்குறிப்பாக்கிவிடுவது எனக்கு ஒருநாளும் ஒப்புதல் இல்லை. 7.30-க்கு மேட்டில் ஏறிய காவல்படைத் தாக்குதலில் மிச்சமிருந்த சில பட்டாலியன்கள் மட்டுமே இருந்ததற்குக் காரணம் அந்தக் கிராமம்தான்.

வடகாற்று:
அப்படியானால் குரூஷி? வாலேன் ஊரில் பீரங்கிச் சத்தம் கேட்டதும் அவருக்குக் கீழிருந்த தளபதி ஜெரார் "சத்தத்தை நோக்கிப் போவோம்" என்று வற்புறுத்தினாரே. போயிருந்தால்?

பழைய_வரைபடம்:
போயிருந்தாலும் நேரத்துக்குச் சேர்ந்திருக்க மாட்டார் என்பது என் பக்கம். அங்கிருந்து பிளான்சனுவா இருபது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் டீல் ஆறு, குறுகிய பாலங்கள், நனைந்த கிராமப் பாதை. பிரஷ்யத் தளபதி பியூலோவின் கோர் என்ன பாடுபட்டது பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பியது. வாவ்ர் ஊரின் குறுகிய தெருவைக் கடக்க வேண்டும். அங்கே தீப்பிடித்துப் படை தேங்கியது. பிறகு லான் பள்ளத்தாக்கின் சேற்றுச் சரிவில் பீரங்கிகளைக் கையால் தள்ளினார்கள். சண்டையில் இறங்கும்போது மாலை 4.30. ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்! நண்பகலில் கிளம்பும் குரூஷிக்கு இரவு எட்டரைக்குள் வர வழியே இல்லை.

கார்த்திகை_மேகம்:
பழைய_வரைபடம் ஐயா, இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. அவர் பிளான்சனுவா வந்து சேர வேண்டியதே இல்லை. டீல் ஆற்றைக் கடந்து பிரஷ்யர்களின் பக்கவாட்டில் தென்பட்டிருந்தாலே பிரஷ்யத் தளபதிகள் சீட்டனும் பிர்ஷும் திரும்பி நின்றிருப்பார்கள். வாவ்ரில் பிரஷ்யத் தளபதி டீல்மான் வெறும் 17,000 பேரோடு 33,000 பேரைக் கட்டிப்போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. உத்தரவும் குழப்பம். காலை பத்து மணிக் கடிதம் வாவ்ருக்குப் போ என்கிறது, ஒரு மணிக் கடிதம் இங்கே நெருங்கி வா என்கிறது, அது போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. நெப்போலியனின் ஆணைகளைப் பல ஆண்டுகள் தெளிவாக எழுதி அனுப்பிய பெர்த்தியே ஜூன் 1 அன்றுதான் பாம்பெர்கில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அந்த இடத்தில் தளபதி சூல் இருந்தார்.

பழைய_வரைபடம்:
பக்கவாட்டு அச்சம் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். "வந்து காப்பாற்றியிருப்பார்" என்பதைத்தான் மறுக்கிறேன்.

பஞ்சாங்கப்_பித்து:
மணி பற்றி ஒரு குறிப்பு. அன்று நேர மண்டலம் கிடையாது. ஒவ்வொரு அதிகாரியின் கடிகாரமும் ஒவ்வொன்று காட்டியது. ஹுகுமோனில் முதல் சூடு பத்து மணி முதல் 11.30 வரை பலவாறாகப் பதிவாகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். களம் கிழக்குத் தீர்க்கரேகை 4.4 பாகையில் இருக்கிறது. சூரிய நேரத்தை இன்றைய பெல்ஜியக் கோடைக்கால நேரமாக்க 1 மணி 42 நிமிடம் கூட்ட வேண்டும். ஆக 11.30 என்பது இன்றைய கடிகாரத்தில் பிற்பகல் 1.12. ஜூன் 18 அன்று களத்தில் நின்று "சரியாக இந்த நிமிடம்" என்று மௌனம் காப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தால் நல்லது.

செங்கோடு:
நினைவுநாள் பட்டியல் தயாரிக்கும்போது தேதி ஒவ்வொரு தளத்திலும் வேறாக இருக்கிறது. நெப்போலியன் ரஷ்யரோடு மோதிய பொரோதினோ போருக்குச் செப்டம்பர் 7 என்றும் 8 என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி?

பஞ்சாங்கப்_பித்து:
வாட்டர்லூவில் இந்தத் தொல்லை இல்லை. சண்டையிட்ட எல்லா நாடுகளும் அப்போது கிரிகோரியன் (இன்றைய) நாள்காட்டியில் இருந்தன. ரஷ்யா உள்ளே வந்தால்தான் சிக்கல்.

பழைய ஜூலியன் நாள்காட்டியிலிருந்து இதற்கு மாறியபோது சில நாட்களைத் தாண்டினார்கள்: 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி, கத்தோலிக்க நாடுகள் சிலவற்றில். பிரிட்டன் 1752-ல் மாறியது: செப்டம்பர் 2-க்கு அடுத்து 14. ரஷ்யா 1918-ல்: ஜனவரி 31-க்கு அடுத்து பிப்ரவரி 14.

இரண்டு நாள்காட்டிகளுக்கும் உள்ள நாள் இடைவெளியைக் கண்டுபிடிக்க: ஆண்டை 100-ஆல் வகுத்த முழு எண்ணிலிருந்து, ஆண்டை 400-ஆல் வகுத்த முழு எண்ணைக் கழி, மேலும் 2 கழி. 1812-க்கு 18 − 4 − 2 = 12. பொரோதினோ ஜூலியனில் ஆகஸ்ட் 26, பன்னிரண்டைக் கூட்டினால் செப்டம்பர் 7. 1700, 1800 போன்ற நூற்றாண்டு ஆண்டுகளில் பிப்ரவரி முடியும்வரை முந்தைய நூற்றாண்டின் எண்ணையே வைத்துக்கொள்ள வேண்டும். பலர் தடுக்கிவிழும் இடம் இது.

ராணுவ நினைவுநாள்கள் பற்றிய ரஷ்யாவின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஜூலியன் காலத்துப் போர்களுக்கு இன்றைய இடைவெளியான 13-ஐயே கூட்டிவிட்டது. அதனால் பொரோதினோ செப்டம்பர் 8. 1242-ன் பனி ஏரிப் போர் ஏப்ரல் 5, இடைவெளி 7, வர வேண்டியது ஏப்ரல் 12, சட்டத்தில் ஏப்ரல் 18. குலிக்கோவோ 1380 செப்டம்பர் 8, இடைவெளி 8, வர வேண்டியது 16, சட்டத்தில் 21.

ரஷ்யரும் ஸ்வீடன்காரரும் மோதிய பொல்தாவா (1709) இன்னும் சுவையானது. ரஷ்யருக்கு ஜூன் 27, மேற்கு ஐரோப்பாவுக்கு ஜூலை 8, ஸ்வீடனுக்கு ஜூன் 28! ஸ்வீடன் 1700-ல் பாதி வழி மாறிவிட்டு நின்றுபோனதால் ஜூலியனைவிட ஒரு நாள் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்ட 1712-ல் பிப்ரவரி 30 என்றொரு நாளையே வைத்தார்கள்.

கார்த்திகை_மேகம்:
13-ஐக் கூட்டுவதை முழுத் தவறு என்று தள்ளிவிடலாமா? ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை இன்றும் ஜூலியன்படிதான் விழா நடத்துகிறது. பொரோதினோ நடந்த ஆகஸ்ட் 26 விளாதிமிர் மாதா ஐகானின் திருநாள். அந்தத் திருநாள் இப்போது விழுவது செப்டம்பர் 8-ல்தான். செர்பியர்கள் நினைவுகூரும் கொசோவோ போரும் அப்படியே: 1389 ஜூன் 15 புனித வீத்தஸ் நாள், இப்போது ஜூன் 28.

பஞ்சாங்கப்_பித்து:
நல்ல திருத்தம், நன்றி. திதி பார்த்துத் திவசம் செய்வதற்கும் ஆங்கிலத் தேதியில் நினைவுகூர்வதற்கும் உள்ள வேறுபாடு மாதிரிதான் இது. திருநாளாகக் கொண்டாடினால் 13. பூமி சூரியனைச் சுற்றிவந்த அதே நாளைத் தேடினால் அந்த நூற்றாண்டின் இடைவெளி. இரண்டில் எதைக் கையாள்கிறோம் என்று பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். 2100 மார்ச்சிலிருந்து 13 என்பது 14 ஆகிவிடும்.

அயர்லாந்தின் பாய்ன் போரையும் பாருங்கள். 1690 ஜூலை 1 பழைய கணக்கு, புதுக்கணக்கில் 11. கொண்டாடுவதோ ஜூலை 12. 1752-க்குப் பின் அக்காலத்து இடைவெளியான 11-ஐக் கூட்டினார்கள். 1691-ல் பழைய ஜூலை 12-ல் நடந்த ஆக்ரிம் போரின் நினைவும் அதில் கலந்துவிட்டது.

இங்கிலாந்துத் தேதிகளில் இன்னொரு பொறி: 1752 வரை அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25. முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30 அன்றைய ஆவணங்களில் 1648. நமக்கு 1649.

செங்கோடு:
அப்படியானால் என் பட்டியலில் ஜூன் 18-க்குக் கீழே: பாத்தே 1429 (பிரெஞ்சு வெற்றி, ஜூலியன்), கோலின் 1757 (பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கின் தோல்வி), வாட்டர்லூ 1815, 1940-ல் லண்டனிலிருந்து பிரெஞ்சுத் தளபதி டி கோல் வானொலியில் விடுத்த அழைப்பு. சரிதானா? வாட்டர்லூவை "ஐரோப்பாவின் தலைவிதியைத் தீர்த்த போர்" என்று குறிக்கலாமா?

வடகாற்று:
என்னைக் கேட்டால் அந்த அடைமொழியை 1813 அக்டோபர் 16–19 லைப்சிக்குக்குக் கொடுப்பேன். இருதரப்பும் சேர்த்து ஐந்து லட்சம் பேர். ஜெர்மனி நெப்போலியன் கையை விட்டுப் போனது அங்கேதான். பின்வாங்கும்போது எல்ஸ்டர் ஆற்றுப் பாலத்தை நேரத்துக்கு முன்பே வெடித்துவிட்டதால் பின்காவல் முழுக்க நகருக்குள்ளே மாட்டிக்கொண்டது. வாட்டர்லூவில் அவர் வென்றிருந்தாலும் ஆஸ்திரிய, ரஷ்யப் படைகள் ரைன் நோக்கி வந்துகொண்டிருந்தன.

பழைய_வரைபடம்:
தீர்த்த போர் என்றால் அதற்குப் பின் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். லைப்சிக்குக்குப் பிறகும் அவர் ஆறு மாதம் சண்டையிட்டார். வாட்டர்லூ முடிந்து நான்காம் நாள், ஜூன் 22, இரண்டாம் முறை முடிதுறந்தார். ஜூலை 15 பெல்லரோஃபோன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் சரண். அடைமொழி இருக்கட்டும். 2015-ல் இருநூறாம் ஆண்டுக்கு பெல்ஜியம் அடிக்க நினைத்த 2 யூரோ நாணயத்துக்குப் பிரான்ஸ் மறுப்புச் சொன்னது, பெல்ஜியம் 2.50 யூரோ நாணயமாக வெளியிட்டது. தீராத நினைவு அது.

பட்டியலில் இடத்தின் பெயரையும் பாருங்கள். சண்டை நடந்தது வாட்டர்லூ கிராமத்தில் இல்லை, அதற்குச் சில கிலோமீட்டர் தெற்கே மோன்-சான்-ழான் மேட்டில். பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். பிரஷ்யத் தலைமைத் தளபதி புளூஹர், களத்திலிருந்த விடுதியின் பெயரால் லா பெல் அலியான்ஸ் என்று வைக்கச் சொன்னார். வெலிங்டன் ஜூன் 19 அறிக்கையை வாட்டர்லூ முகவரியிட்டு அனுப்பினார், அந்தப் பெயர் நிலைத்தது.

தோட்டாப்பை:
செங்கோடு, இடமிருந்தால் மே 4-ஐயும் சேருங்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த நாள். அந்த முற்றுகைப் போரில் இருந்த 33-ஆம் ரெஜிமென்ட்தான், பதினாறு ஆண்டு கழித்து மோன்-சான்-ழான் மேட்டில் ஹால்கெட்டின் பிரிகேடில் சதுரம் கட்டி நின்றது. 1799-ல் அதன் லெப்டினன்ட் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்கால வெலிங்டன்.

பஞ்சாங்கப்_பித்து:
பொரோதினோவுக்கு "செப்டம்பர் 7, 1812 (பழைய கணக்கு ஆகஸ்ட் 26), ரஷ்யாவில் செப்டம்பர் 8" என்று மூன்றையும் எழுதுங்கள். பாத்தேவுக்கு "ஜூலியன்" என்று ஒரு சொல் போட்டால் போதும். 1582-க்கு முந்தைய தேதிகளை மாற்றாமல் விடுவதே வழக்கம்.